சொல்வதை நம்ப வேண்டாம்

ஜனவரி 9

அன்புத் தங்கச்சிக்கு,

அக்கா எழுதறேன். உடம்பு எப்படி இருக்கு? இங்க நானும் உங்க அத்தானும் குறை சொல்ல முடியாதபடி இருக்கோம். என் முட்டி மட்டும் மாடிப்படியைக் கண்டா முனகுது. போன்ல பேசினா ரெண்டு வார்த்தை முடியறதுக்குள்ள "அவர் கூப்பிடறார்க்கா"ன்னு வச்சுடறே. அதான் காகிதத்தை எடுத்தேன். இதைப் பாதியில வைக்க முடியாது பாரு.

வந்துட்டாடி. நீ நச்சரிச்சு நச்சரிச்சு, படிவத்தைக்கூட நீயே நிரப்பி அனுப்பி, வளர்ப்பு வீடு கொடுக்கிறவங்க பட்டியல்ல எங்க பேரைச் சேர்த்தியே, அதுக்குப் பலன் நேத்து சாயங்காலம் ஒரு துணிப்பையோட வாசல்ல வந்து நின்னுச்சு. ஒன்பது வயசுப் பொண்ணு. அம்மா அப்பா இல்லை. மூணு நாலு வருஷத்துல எங்க வீடு அவளுக்கு ஆறாவது வீடாம். கல்யாணமாகி இருபத்திரண்டு வருஷம் கழிச்சுக் கேக்காமக் கிடைச்சதால "கொசுறு"ன்னு பேர் வச்சுட்டார் உங்க அத்தான். கேட்டாலும் கொசுறு போடாத காலத்துல நமக்குப் போட்டிருக்காங்கன்னு அவருக்கு ஒரே பெருமை. இன்னிக்குக் காலையில பஸ் டிப்போவுல டிரைவர் கண்டக்டர் ஒருத்தர் விடாம சொல்லிட்டு வந்திருக்கார்.

கூட்டிட்டு வந்த அலுவலக அம்மா எதைச் சொன்னாலும் டைரியில குறிச்சுக்கறாங்க. தும்மினாக்கூட எழுதுவாங்க போல. டைரி அம்மான்னு வச்சிருக்கேன். அவங்க ஒரு ஒத்தைத் தாள் கொடுத்தாங்க. குழந்தையோட ஃபைல்ல முதல் பக்கமாம். உயரம், எடை, போட்ட ஊசி எல்லாம் இருக்கு. எல்லாத்துக்கும் மேல, "பொய் சொல்லும் பழக்கம் உள்ளவள். சொல்வதை நம்ப வேண்டாம்"னு இருக்கு. எனக்கு வந்துச்சே கோபம். ஒன்பது வயசுல பொய் சொல்லாதவ யாரு? சர்க்கரை டப்பாவைக் காலி பண்ணிட்டு எறும்பு மேல பழி போட்ட நீயும் நானும் என்ன ஃபைலைத் தூக்கிட்டாத் திரிஞ்சோம்?

ஒண்ணுதான் புரியலை. துணியைப் பீரோவுல வைன்னா வைக்க மாட்டேங்கறா. கட்டிலுக்கு அடியில மடிச்சு வச்சுக்கறா. பீரோவைத் தாண்டணும்னா எதிர்ச் சுவரை ஒட்டி நடக்கறா. நீயும் ஒரு வருஷம் ஒரு பாப்பாவை வச்சிருந்து, அது அம்மாகிட்டயே திரும்பிப் போயிடுச்சுன்னு சொன்னியே, உனக்கு இதெல்லாம் தெரிஞ்சிருக்கும். ஏதாவது யோசனை சொல்லு. மாப்பிள்ளையைக் கேட்டதாச் சொல்லு.

அன்புடன்,
அக்கா

ஜனவரி 28

அன்புள்ள அக்காவுக்கு,

உன் தங்கச்சி. நீயும் அத்தானும் நல்லா இருக்கணும். இங்க நாங்க ரெண்டு பேரும் நல்லா இருக்கோம். அவருக்கு டியூஷன் பிள்ளைங்க நாப்பது பேர் ஆயிட்டாங்க. காலையும் சாயங்காலமும் வீடே பள்ளிக்கூடமா இருக்கு. நான் வழக்கம்போல கண்ணாடிக் கடைக்குப் போறேன், வரேன்.

உன் கடிதத்தை மூணு தடவை படிச்சேன். அவ உன்கிட்ட வந்து சேர்ந்துட்டான்னு படிச்சதும் மனசு நிறைஞ்சு போச்சு. நல்லாச் சாப்பிடறாளா? முன்பல்லு முளைச்சுடுச்சா? தலைக்கு ஊத்தினா உடனே துவட்டிடு, இல்லேன்னா இருமல் பிடிச்சுக்கும். பீரோ விஷயத்துல கட்டாயப்படுத்தாதேக்கா. கட்டிலுக்கு அடியிலயே இருக்கட்டும். குளிக்கிறப்போ கதவைச் சாத்தாம இருந்தாலும் ஒண்ணும் சொல்லாதே.

இனிமே கடை விலாசத்துக்கே எழுது. வீட்டுக்கு வர்ற தபால் டியூஷன் நோட்டுகளோட கலந்து காணாமப் போயிடுது.

அத்தானுக்கு என் வணக்கம். முட்டிக்குத் தைலம் தேச்சுக்கோ.

உன் தங்கை

பிப்ரவரி 20

அன்புத் தங்கச்சிக்கு,

சளி இருமல் எதுவும் இல்லாம இருக்கியா? நாங்க இருக்கோம். கொசுறுக்கு முன்பல்லு முளைச்சாச்சு. குளிக்கிறப்போ கதவைச் சாத்தறதில்லைன்னு உனக்கு எப்படித் தெரிஞ்சுது? இந்த மாதிரிப் பிள்ளைங்க எல்லாம் அப்படித்தான் போல. அத்தான் குளியலறைக்கு ஒரு துணித் திரை மாட்டிட்டார். பிரச்சினை தீர்ந்துச்சு.

லீவு நாள்ல என்னோட ஆஸ்பத்திரி சலவைக் கூடத்துக்கு வர்றா. போர்வை மடிக்க எதிர்முனையைப் பிடிக்க ஆள் வேணும் இல்லையா, அந்த வேலை இப்ப அவளுது. முனையோட முனை சேர்த்து அவ என்னை நோக்கி நடந்து வர்றப்போ எங்க மேஸ்திரி அம்மாவே சிரிச்சுட்டாங்க. அந்தம்மா கடைசியா எப்பச் சிரிச்சாங்கன்னு யாருக்கும் ஞாபகமில்லை. என்னைப் பெரியம்மான்னு கூப்பிடறா. நாங்க ரெண்டு பேரும் கலந்து பேசி, இவளை நிரந்தரமா வச்சுக்கறோம்னு எழுதிக் கொடுத்துட்டோம். ஜூன் இருபதாம் தேதி குழு கூடி முடிவு சொல்லுமாம்.

அதுல இப்ப மண்ணு விழுந்திருக்கு. பள்ளிக்கூடத்துல கண்ணாமூச்சி ஆடறப்போ ஒரு பையன் சாமான் அறைக்குள்ள ஒளிஞ்சுக்கலாம்னு இவளை இழுத்திருக்கான். இவ கத்தி ஊரைக் கூட்டிட்டா. டீச்சர் தனியாக் கூப்பிட்டு விசாரிச்சதுக்கு, முன்னாடி இருந்த ஒரு வீட்டுல மாமா தன்னைப் பீரோவுக்குள்ள போட்டுச் சாத்தினார்னு சொல்லியிருக்கா. டீச்சர் பதறிப்போய் அலுவலகத்துக்கு போன் பண்ணினா, அங்கே என்ன சொன்னாங்க தெரியுமா? "அது பழைய கதைங்க, முதல் பக்கத்தைப் பாருங்க"ன்னு. இப்படிக் கதை கட்டற பிள்ளைக்கு வீடு சரிப்படாது, கண்டிப்பான விடுதிக்கு அனுப்பினாத்தான் திருந்தும்னு ஒருத்தர் குறிப்பு எழுதி வச்சிருக்காராம். முந்நூறு பிள்ளைங்க இருக்கிற இடம் அது. உள்ளே போனா பதினெட்டு வயசுலதான் வெளியே.

நான் கொசுறை மடியில உக்கார வச்சு, நெஜமாடா கண்ணுன்னு கேட்டேன். என் மூஞ்சியைப் பார்த்து அமைதியாச் சொல்றா, "நான் பொய் சொல்றவ பெரியம்மா. அதுல எழுதியிருக்கு." இவளுக்கு அந்தத் தாளை யாரோ படிச்சுக் காட்டியிருக்காங்கடி.

நீ என்ன நினைக்கிறே? சீக்கிரம் எழுது.

அக்கா

மார்ச் 22

அன்புள்ள அக்காவுக்கு,

பதில் தாமதமானதுக்குக் கோவிச்சுக்காதே. மணிக்கட்டு சுளுக்கிக்கிச்சு, பேனா பிடிக்க முடியலை. இப்ப பரவாயில்லை. நீங்க மூணு பேரும் சுகமா இருக்கணும்.

கடையில கூட்டம். பரீட்சைக் காலம் வந்தா பிள்ளைங்களுக்கெல்லாம் கண்ணு தெரியாமப் போயிடும் போல.

உன்னை ஒண்ணு கேக்கறேன். அவ சொன்னதை நீ நம்பறியா அக்கா?

உன் தங்கை

மார்ச் 30

தங்கச்சிக்கு,

உன் மணிக்கட்டு சரியாச்சா? கேட்டியே, நம்பறேன். அவ சொல்ற ஒவ்வொரு எழுத்தையும் நம்பறேன். நலமெல்லாம் விசாரிச்சுட்டு மத்ததைப் பேசலாம்னு நினைச்சேன், முடியலை, நேரா விஷயத்துக்கு வரேன்.

ஞாயித்துக்கிழமை எனக்குத் தலையில ஒரே அரிப்பு. பள்ளிக்கூடத்துல இருந்து கொசுறு கொண்டுவந்த சீதனம். சரி, நீ கொடுத்ததை நீயே எடுன்னு சீப்பைக் கையில கொடுத்துட்டு அவ முன்னால உக்காந்தேன். ரொம்ப நிதானமா வாரினா. முடிச்சதும் என் உச்சியில மூணு தடவை ஊதிட்டுச் சொன்னா:

"பேன் ராணி, பேன் ராணி, பெட்டியைக் கட்டு, பக்கத்து வீட்டுத் தலையில போய்க் கதவைத் தட்டு."

நம்ம அம்மா பக்கத்து வீட்டுக்காரியோட சண்டை போட்ட அன்னிக்கு, நம்ம ரெண்டு பேர் தலையையும் வாரிக்கிட்டே இட்டுக்கட்டினது அது. ஊர் உலகத்துல வேற யாருக்குத் தெரியும்? எனக்குத் தெரியும், உனக்குத் தெரியும். அம்மாவும் போய்ச் சேர்ந்தாச்சு.

யார் சொல்லிக் கொடுத்தான்னு கேட்டேன். "சித்தி"ன்னா. எந்தச் சித்தின்னு கேட்டேன். "கண்ணாடிக் கடைக்கு வேலைக்குப் போவாங்களே, அந்தச் சித்தி. முதல் வீட்டுச் சித்தி"ன்னா. சீப்பைக் கீழே வைக்கக்கூட இல்லை, அவ்வளவு சாதாரணமாச் சொல்றா. நான் எழுந்து போய்த் தண்ணி குடிச்சேன்.

நீ வச்சிருந்த பாப்பா இவதானா? பாப்பா பாப்பான்னே சொல்லிட்டிருந்தே, பேர் சொல்லலை, ஒரு போட்டோ அனுப்பலை. அம்மாகிட்டத் திரும்பிப் போயிடுச்சுன்னு சொன்னியே. இவளுக்கு நாலு வயசுலயே அம்மா செத்துப் போச்சாம். அப்புறம் எந்த அம்மாகிட்டப் போச்சு?

மூணு மாசமா அவளைப் பத்தி நான் எழுதறதைப் படிச்சுட்டு எப்படிடி சும்மா இருந்தே? அந்த மாமா யாருன்னு நான் அவகிட்டக் கேக்கலை. கேக்கப் பயமா இருக்கு. நீயே சொல்லு.

அக்கா

ஏப்ரல் 23

தங்கச்சிக்கு,

நலம் விசாரிக்கிற மனசுல நான் இல்லை. மூணு வாரமா உன் பதிலுக்குக் காத்திருந்து, நேத்து லீவு போட்டுட்டு அலுவலகத்துக்கே போனேன். அந்த முதல் பக்கத்து வரியை முதன்முதல்ல எழுதினது யாருன்னு தெரியணும்னேன். முடியாது, விதி இல்லைன்னாங்க. அப்படின்னா இந்தப் பெஞ்சுலயே உக்காந்திருக்கேன், சலவைக் கூடத்துல எனக்குப் பதிலா மிஷின் ஓடட்டும்னேன். மத்தியானம் டைரி அம்மா வந்தாங்க. ஃபைலை என் முன்னால மேசை மேல வச்சாங்க. "தண்ணி குடிச்சுட்டு வரேன்"னு போனவங்க அரை மணி நேரம் தண்ணி குடிச்சாங்க. நல்ல மனுஷி.

ஒரு வீட்டுல இருந்து பிள்ளையைத் திருப்பி அனுப்பறப்போ, ஏன் அனுப்பறோம்னு வீட்டுக்காரங்க கையால ஒரு வரி எழுதணுமாம். அந்த வரியை அடுத்த வீட்டுக்குப் போற தாள்ல குமாஸ்தா பார்த்து எழுதுவார். அதுல தேதி இருக்காது, யார் சொன்னதுன்னும் இருக்காது. அடுத்த தடவை அதைப் பார்த்து இன்னொருத்தர் எழுதுவார். இப்படி அஞ்சு தடவை ஏறி ஏறி அது அவ பிறந்த தேதி மாதிரி நிலைச்சுப் போச்சு. ஒவ்வொரு வீட்டுலயும் அதைப் படிச்சுட்டுத்தான் அவ மூஞ்சியைப் பார்த்திருக்காங்க. ஒரு வீட்டுல இவளுக்குக் காதுவலி வந்து, நடிக்கிறான்னு பத்து நாள் விட்டுட்டாங்களாம். அதையும் அந்த ஃபைல்லதான் படிச்சேன்.

அடியில, எல்லாத்துக்கும் அடியில, முதல்ல எழுதின காகிதம் இருந்துச்சு. பேர் மேல கறுப்பு மை பூசியிருந்தாங்க. பூசி என்ன பிரயோஜனம்? ழகரத்துக்குக் கரண்டி மாதிரி ஒரு வளைவு போடுவியே, அம்மா திட்டித் திட்டியும் மாத்திக்காத வளைவு. ஒண்ணாங் கிளாஸ்ல உன் கையைப் பிடிச்சு எழுத வச்சவ நான். "பொய் சொல்லும் பழக்கம்." அதே வளைவு. உன் ஜனவரிக் கடிதம் என் கைப்பையில இருந்துச்சு. ரெண்டையும் பக்கத்துல வச்சுப் பார்த்தேன்.

வீட்டுக்கு வந்து கொசுறுகிட்டக் கேட்டேன். கரும்பலகை இருக்கிற வீடு, மாமா டியூஷன் எடுப்பார், உள்ரூம்ல ஆள் உயர மரப்பீரோ இருக்கும்னா. ஒருநாள் மத்தியானம் போட்டுச் சாத்தினவர், சித்தி கடையில இருந்து வர்ற வரைக்கும் திறக்கலையாம். மறுநாள் பள்ளிக்கூடத்துல சொல்லியிருக்கா. அதுக்கு மறுநாள் நீ அந்த வரியை எழுதியிருக்கே.

நீயாடி? என் தங்கச்சியா?

ஜூன் இருபதுக்குள்ள, அந்த வரி பொய்னு எழுதினவங்களே எழுத்துல கொடுத்தாத்தான் குழு அதை நீக்கும். இல்லேன்னா பிள்ளை விடுதிக்குப் போயிடும். இந்தக் கடிதத்தைக் கடைக்கு அனுப்பலை. உன் வீட்டுக்கே அனுப்பறேன். உன் வீட்டுக்காரரும் நல்லாப் படிக்கட்டும்.

அக்கா

மே 4

மதிப்பிற்குரிய அக்கா அவர்களுக்கு,

வணக்கம். தாங்களும் அத்தான் அவர்களும் நலமென நம்புகிறேன். தங்கள் கடிதம் கிடைத்தது. தங்கள் தங்கைக்குச் சிறிது காலமாக உடல்நலம் சரியில்லை. ஓய்வு தேவை என்பதால் கண்ணாடிக் கடை வேலையை விட்டுவிட்டாள். கடிதங்கள் அவளுக்கு மனக் குழப்பத்தை உண்டாக்குகின்றன. ஆகவே சில காலம் எழுதாமல் இருந்தால் நல்லது.

தாங்கள் குறிப்பிட்ட குழந்தையைப் பற்றி ஆசிரியன் என்ற முறையில் ஒன்று சொல்ல விரும்புகிறேன். பெற்றோர் இல்லாத பிள்ளைகளுக்குக் கற்பனை அதிகம். விளையாட்டாகத் தானே உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, பிறகு பிறர்மேல் பழி போடுவார்கள். அவள் மேல் எங்களுக்கு எந்தக் கோபமும் இல்லை. நாற்பது குடும்பங்கள் தங்கள் பிள்ளைகளை என்னிடம் நம்பி அனுப்புகின்றன என்பதைத் தாங்கள் அறிவீர்கள்.

தங்கள் முழங்கால் வலி குணமாக வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் தங்கையின் கணவன்

மே 17

என் தங்கத்துக்கு,

எப்படிடி இருக்கே? அவரோட கடிதம் வந்ததுல இருந்து எனக்குச் சோறு இறங்கலை. ஒரு எழுத்துப் பிழை இல்லை, ஒரு கடுஞ்சொல் இல்லை, படிச்சு முடிச்சா முதுகுத்தண்டு நடுங்குது. வீட்டுக்கு அனுப்பாதேன்னு நீ சொல்லியும் கோபத்துல அனுப்பினேனே, என் புத்தியைச் செருப்பால அடிக்கணும். போன் அடிச்சா அவர்தான் எடுக்கறார். தூங்கறான்னு சொல்றார். காலையில தூங்கறே, மத்தியானம் தூங்கறே, நீ என்ன கும்பகர்ணன் தங்கச்சியா?

கடையில உன்னோட பில் போடற அக்காவைத் தேடிப் பிடிச்சேன். உன் பக்கத்துத் தெருவாம். நீ மொட்டைமாடியில துணி காயப்போட வர்றப்போ எப்படியாவது இதை உன் கையில சேர்க்கிறேன்னு சொல்லியிருக்காங்க. படிச்சதும் கிழிச்சுடு.

கொசுறு காதுல விடுதிப் பேச்சு விழுந்துடுச்சு. நான் அழலை, அவளும் அழலை. பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் துணிப்பையை மடியில வச்சுக்கிட்டு வாசற்படியில உக்காந்துக்கறா. ஏன்டா இப்படின்னா, "வந்து கூப்பிடறப்போ அவங்களைக் காக்க வைக்கக் கூடாது பெரியம்மா"ங்கறா. அஞ்சு வீட்டுல பழகின பழக்கம். அத்தான் வேலை முடிஞ்சு வந்ததும் அவ பக்கத்துல அதே படியில உக்காந்துக்கறார்.

நான் உன்னைத் திட்டினது நெஜம். அந்தக் கோபம் இன்னும் போகலை, அதையும் மறைக்கலை. ஆனா நீ எழுதிக் கொடுக்கறதுக்கு முன்னால, நீ நல்லா இருக்கேன்னு ஒரு வரி எழுது. அது போதும்.

அக்கா

ஜூன் 11

அக்கா,

பில் போடற அக்கா பேனா கொடுத்துட்டு மாடிப்படியில நிக்கறாங்க. கண்ணாடிக் கடை ரசீதோட பின்பக்கத்துல எழுதறேன். அத்தான் நல்லா இருக்காரா? அவ இருமறாளா?

எல்லாம் நெஜம். அன்னிக்குக் கடையில இருந்து வந்து நான்தான் திறந்தேன். அழாம நின்னுட்டிருந்தா. மறுநாள் பள்ளிக்கூடத்துல சொல்லிட்டா, அலுவலகத்துல இருந்து விசாரிக்க வந்தாங்க. வந்தவங்களுக்கு அவர் காபி போட்டுக் கொடுத்தார். அப்புறம் படிவத்தை என் முன்னால வச்சு, பேனாவைத் திறந்து கொடுத்தார். அவர் சொன்னார், நான் எழுதினேன். கை என்னோடதுதான். அவ பையைத் தூக்கிட்டுப் போறப்போ என்னைத் திரும்பிப் பார்த்தா. திட்டினாக்கூடத் தாங்கியிருப்பேன்.

உன்கிட்டச் சொல்ல வாய் வரலை. அம்மாகிட்டப் போயிடுச்சுன்னு சொன்னேன். வருஷா வருஷம் கடையில இருந்து டைரி அம்மாவுக்கு போன் பண்ணி, எங்க அக்காகிட்ட அனுப்புங்க, எங்க அக்காகிட்ட அனுப்புங்கன்னு கெஞ்சினேன். அதுக்குத்தான் உன்னை அவ்வளவு நச்சரிச்சேன். அவளுக்குக் கொடுக்க என்கிட்ட வேற நல்ல இடம் இல்லைக்கா.

குழுவுக்கு எழுதினதை இதோட வச்சிருக்கேன். நீ கொண்டுபோய்க் கொடு. என்னை மன்னிக்கச் சொல்லி எழுதலை.

உன் தங்கை

(உடன் இருந்த தாள்)

குழுவினருக்கு வணக்கம்.

இந்தக் குழந்தையின் ஃபைலில் "பொய் சொல்லும் பழக்கம் உள்ளவள், சொல்வதை நம்ப வேண்டாம்" என்று எழுதியது நான். அது பொய். அவள் என் வீட்டில் இருந்த ஒரு வருடத்தில் ஒரு பொய்கூடச் சொன்னதில்லை. என் கணவர் அவளைப் பீரோவுக்குள் போட்டுச் சாத்தினார். அவளே விளையாட்டாக உள்ளே போய்ச் சாத்திக்கொள்ள முடியாது. அந்தப் பீரோவுக்கு உள்பக்கம் கைப்பிடி கிடையாது. எவ்வளவு தள்ளினாலும் கதவு அசையாது. இடது பக்கம் கீழ் மூலையில் ஒரு விரிசல் இருக்கிறது. அதில் வாயை வைத்தால் மூச்சு விடலாம். அவள் உயிரோடு இருந்தது அதனால்தான்.

தயவுசெய்து அவளை என் அக்காவிடமே விடுங்கள்.

ஜூன் 20

என் தங்கத்துக்கு,

உடம்பு எப்படி இருக்குன்னு கேக்க எனக்கு வெக்கமா இருக்கு. ஆறு மாசமா ஒவ்வொரு கடிதத்துலயும் வழக்கத்துக்குக் கேட்டேன், ஒரு தடவைகூட நெஜமாக் கேக்கலை.

இன்னிக்குக் குழு கூடுச்சு. நீளமான மேசைக்கு அந்தப் பக்கம் அஞ்சு பேர், இந்தப் பக்கம் நான், அத்தான், நடுவுல கொசுறு. உன் தாளைத் தலைவர் உரக்கப் படிச்சார். படிச்சு முடிச்சு, கண்ணாடியைக் கழட்டித் துடைச்சுட்டு, அந்த வரியை அடிச்சுடச் சொன்னார். குமாஸ்தா பழைய தாளைத் தூக்கிப் போட்டுட்டுப் புதுசா முதல் பக்கம் எழுதினார். கொசுறு நமக்குத்தான். நிரந்தரமா. இதை எழுதறப்போ எனக்குக் கண்ணு மறைக்குது.

அதோட முடிஞ்சிருந்தா இப்ப நான் உனக்கு வேற மாதிரிக் கடிதம் எழுதியிருப்பேன். தலைவர் எழுந்திருக்கிறப்போ, குழந்தையைத் தட்டிக் கொடுக்கிற மாதிரிச் சொன்னார். கீழ் மூலையில விரிசல் இருக்குன்னு உங்க சித்திகிட்ட நீ சொன்னது நல்லதாப் போச்சும்மா, அதையும் மறக்காம எழுதியிருக்காங்கன்னார்.

கொசுறு தலையை ஆட்டினா. "நான் சொல்லலை. சித்திதான் எனக்குச் சொல்லிக் கொடுத்தாங்க. உள்ளே போட்டா பயப்படாதே, அங்க வாயை வச்சுக்கோன்னு."

யாருக்கும் புரியலை. எனக்கும் புரியலைடி. டைரி அம்மாதான் மெதுவா, சித்திக்கு எப்படிம்மா தெரியும்னு கேட்டாங்க.

"மாமா சித்தியைத்தானே போடுவார். அவர் டியூஷன் எடுக்க முன்ரூமுக்குப் போனதும் நான் போய்த் திறந்து விடுவேன். ஒருநாள் பார்த்துட்டார். அதான் என்னையும் போட்டார்."

டைரி அம்மா எழுதறதை நிறுத்திட்டு டைரியை மூடிட்டாங்க, முதல் தடவையா. அன்னிக்குப் படிவத்துல கையெழுத்துப் போட்டு, உன்னைத் திறந்து விடற ஒரே ஆளை நீ வெளியே அனுப்பியிருக்கே. இந்த மூணு வருஷத்துல, உன் கடிதம் வராத ஒவ்வொரு மாசமும், நான் கோவிச்சுக்கிட்டு உக்காந்திருந்த ஒவ்வொரு வாரமும் நீ எங்கடி இருந்தே? சுளுக்குன்னு எழுதினியே. நான் தைலம் அனுப்பலாமான்னு யோசிச்சேன்.

ஆள் அனுப்பி விசாரிக்கிறோம், திங்கட்கிழமைக்குள்ள உத்தரவு வாங்கிடலாம்னு சொல்றாங்க. வாங்கட்டும். எனக்குத் திங்கட்கிழமை வரைக்கும் பொறுமை இல்லை. இந்தக் கடிதத்தைத் தபால்ல போடலை, என் கையிலயே இருக்கு. பில் போடற அக்கா மொட்டைமாடி வழியா உன்கிட்டக் கொடுப்பாங்க. இதை நீ படிக்கிறப்போ நாங்க உன் தெருவுல நிப்போம். டைரி அம்மாவும் கூட வர்றாங்க. லீவு போட்டிருக்காங்களாம். ஒண்ணும் எடுத்து வைக்க வேண்டாம். கட்டின துணியோட இறங்கி வா.

அலுவலகத்துல இருந்து திரும்பி வர்றப்போ பஸ்ஸுல கொசுறு ஜன்னலோரமா உக்காந்திருந்தா. நம்ம நிறுத்தம் வர்றதுக்குக் கொஞ்சம் முன்னால என் பக்கம் திரும்பி, "இப்ப சித்தியை யாரு பெரியம்மா திறந்து விடறாங்க?"ன்னு கேட்டா.

அத்தான்தான் பதில் சொன்னார், "நாளைக்கு நாம"ன்னு.

அக்கா